மின்னலுக்கு மேலே பாருங்கள்!

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மின்னல் பார்ப்பது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். எந்தத் திசையில் மின்னுகிறது, மழை இந்தப் பக்கம் திரும்புமா என்று வானத்தையே பார்த்து நிற்போம். பல நாள் அந்த மழை கடலிலோ இலங்கையிலோ பெய்து தீர்ந்துவிடும். வராத மழைக்கு வருந்துவது நியாயம்தான். ஆனால் அந்த மேகத்தின் தலைக்கு மேலே நடப்பதைப் பார்க்க, மழை பெய்யாத ஊரில்தான் நிற்க வேண்டும். மேகத்துக்கு அடியில் இருப்பவருக்கு அது தெரியாது.

அது என்ன?

ஸ்பிரைட் எனப்படும் செந்நிற ஒளி. மேகத்தின் நேர்மின்னூட்டத்தை நிலத்தில் கொட்டும் வலுவான மின்னல் ஒன்று வெட்டியதும், மேலே காற்று மெலிந்த பகுதியில் மின்புலம் சட்டென்று ஏறுகிறது. நைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது. தரையிலிருந்து சுமார் 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், ஆலமரம் போல மேலே விரிந்தும் கீழே விழுதுவிட்டும் தோன்றி, நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் மறைந்துவிடும். இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920-களிலேயே இப்படி ஒன்று நடக்கலாம் என்று கணித்தார். முதல் படம் 1989 ஜூலை 6 அன்றுதான், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தாரின் கேமராவில், எதிர்பாராமல் பதிவானது.

எப்போது, எங்கிருந்து?

ஏப்ரலிலும் அக்டோபரிலும் இலங்கையில் மாலை இடிமழை அதிகம். யாழ்ப்பாணம் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். அனுராதபுரம் இன்னும் சற்றுத் தள்ளி. ஸ்பிரைட் பார்க்க இது நல்ல தொலைவு. நிலா இல்லாத இரவில், வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படத்தில் அங்கே பெருமேகக் கூட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருச்சுழிக்குக் கிழக்கே மரம் மறைக்காத ஒரு கண்மாய்க் கரைக்குப் போங்கள். அருப்புக்கோட்டை வெளிச்சம் மேற்கே, முதுகுப்பக்கம் ஒதுங்கிவிடும். கரையில் நடக்க டார்ச் அவசியம். இடிச்சத்தம் காதில் விழுந்தால் மேகம் பக்கத்தில் வந்துவிட்டது. உடனே வீடு திரும்புங்கள்.

கண்ணைப் பழக்குவது

அரை மணி நேரம் செல்போனைத் தொடாதீர்கள். அடிவானத்தில் மேகம் பளிச்சிடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறக்குறைய 10 பாகை. மேகத்துக்கு நேர் மேலே, ஒன்று முதல் இரண்டு முஷ்டி உயரத்தில் பார்வையை நிறுத்துங்கள். மின்னலை நேராகப் பார்த்தால் கண் கூசிவிடும். அதை அட்டை ஒன்றால் மறைத்துக்கொள்ளலாம். மழை ஓயத் தொடங்கும் பெரிய மேகக் கூட்டத்தில், மின்னல் குறைந்து எப்போதாவது ஒன்று மேகம் முழுவதையும் வெளுக்கச் செய்யும் நேரமே நல்ல நேரம். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் வெறும் சாம்பல் கீற்றாகத்தான் தோன்றலாம். நிறத்தைக் கேமரா காட்டும்: முக்காலியில் பொருத்தி, லென்சை முழுதாகத் திறந்து, உணர்திறனை உயர்த்தி, வீடியோவாக ஓடவிட்டு, பிறகு ஒவ்வொரு பிரேமாகத் தேடுங்கள்.

மின்னல் இல்லாத இரவில்

அப்போதும் வானம் முழு இருட்டல்ல. சுமார் 97 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாகவும், 250 கிலோமீட்டர் வாக்கில் சிவப்பாகவும் இரவெல்லாம் ஒளிர்கிறது. இதற்கு வளியொளிர்வு என்று பெயர். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இதைக் கேமராக்களால் ஆராய்கிறது. புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சிவப்பு ஒளியில் வடக்கு தெற்காக நீண்டு கிழக்கே நகரும் கரும்பட்டைகளையும் பதிவுசெய்ய முடிகிறது. அயனி மண்டலத்தில் மின்துகள்கள் குறைந்த குமிழிகள் அவை. உங்கள் கேமராவில் 20 நொடி திறந்து வைத்து எடுத்த படத்திலும் பச்சைச் சாயல் பதிவாகக்கூடும்.

குறித்து வையுங்கள்

நொடி வரைக்கும் நேரம், பார்த்த திசை, படத்தில் பின்னால் தெரியும் விண்மீன்கள்: இந்த மூன்றும் இருந்தால் உங்கள் ரசனை அறிவியல் பதிவாகவும் ஆகிவிடும். அதே இரவில் ராமநாதபுரத்து நண்பர் ஒருவரும் அதே ஸ்பிரைட்டைப் படமெடுத்தால், இரண்டு படத்திலும் விண்மீன்களுக்கிடையே அது இருக்கும் இடத்தை ஒப்பிட்டு அதன் உயரத்தை நீங்களே கணக்கிடலாம். பள்ளியில் படித்த முக்கோணக் கணக்கு போதும்.