காற்றடித்தால் நன்றாக எரியும் அடுப்பு

ஸ்வீடனின் யாம்ட்லாண்ட் மலைகளில் ஜூலை மாதமும் காற்று ஓய்வதில்லை. ஸ்டூருல்வோன் மலை விடுதியிலிருந்து ப்ளோஹம்மரன் விடுதிக்கு ஏறுகிறவர்கள் பிர்ச் மரங்களைத் தாண்டிவிட்டால் ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. அங்கே மூட்டையை இறக்கி வைத்துத் தேநீர் போட உட்காரும்போதுதான் டிராங்கியா ஸ்பிரிட் அடுப்பின் அருமை தெரியும்.

அடுப்பும் அந்த மண்ணுடையதுதான். யாம்ட்லாண்டின் ட்ரோங்ஸ்விக்கன் என்ற சிற்றூரில் 1925-இல் தொடங்கிய நிறுவனம், இந்தப் புயல் அடுப்பை 1951-இல் கொண்டுவந்தது. அன்றைய அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை.

உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் கிண்ணம்தான் எரிப்பான். அதில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் முதலில் நடுவில் மட்டும் சோம்பலாக எரியும். இரட்டைச் சுவருக்குள் ஸ்பிரிட் சூடேறி ஆவியானதும் விளிம்புத் துளைகளில் சுடர்கள் வரிசையாக மலரும். பம்பு, குழாய், ஊசித்துளை எதுவும் இல்லாததால் அடைத்துக்கொள்ளவோ உடையவோ ஒன்றுமில்லை. இரைச்சலும் கிடையாது, கெண்டியில் தண்ணீர் முனகத் தொடங்குவது காதில் விழும்.

இதன் உண்மையான சாமர்த்தியம் சுற்றியிருக்கும் அலுமினியக் காப்பில் இருக்கிறது. அதன் அடியில் ஒரு பக்கம் மட்டும் துளைகள். அந்தப் பக்கத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி வைத்தால் சுடர் அணையாது, இன்னும் வீறுடன் எரியும். மற்ற அடுப்புகளுக்குக் காற்று பகை. இதற்கு அதுவே துருத்தி.

வேகம் எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். நல்ல வாயு அடுப்பு அதில் பாதி நேரம்கூட எடுக்காது. எடைக்கு எடை பார்த்தால் ஸ்பிரிட் தரும் வெப்பம் வாயு தருவதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். ஆகவே பல நாள் நடைக்கு எரிபொருள் சுமை கூடும். பாத்திரத்தில் கரியும் பிடிக்கும்; ஸ்பிரிட்டில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் அது குறையும்.

ப்ளோஹம்மரன் 1,086 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். தேயிலைக்கு ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் சாறு சரியாக இறங்கும். பால்தூள் சேர்ப்பவர்கள் கடைசியில் கலக்கினால் கட்டி தட்டாது.

இருவர் இரண்டு மூன்று நாள் நடக்க, கெண்டியோடு வரும் டிராங்கியாவின் சிறிய 27 வரிசை அடுப்பு போதும். தனியாக, வேகமாக, எடை பார்த்து நடப்பவர்கள் வாயு அடுப்பையே வாங்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பகல் வெயிலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நம்பி மீண்டும் ஊற்றினால் கையிலுள்ள புட்டியே பற்றிக்கொள்ளும். மூடியால் மூடி அணைத்து, எரிப்பான் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே ஊற்றுங்கள். ஸ்பிரிட்டை விமானத்தில் கொண்டுபோக முடியாது. ஸ்வீடனில் இறங்கியபின் பெட்ரோல் நிலையத்தில் டி-ரோட் என்று கேட்டால் கிடைக்கும்.