ஒரு பக்கத்தில் இரு மொழிகள்: ஆங்கில – ஸ்பானியப் படநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் படநூல்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. ஆயின், ஒரு சமுதாயம் தன்னிடத்து வழங்கும் மொழிகளை எவ்வாறு தரப்படுத்துகின்றது என்பதை அறிஞர்தம் நூல்களினும் படநூல்களே சில வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் ஆங்கிலத்தையும் ஸ்பானிய மொழியையும் ஒருங்கே கற்பிக்க எழுந்த நூல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடிபெயர்ந்த பூரா பெல்பிரே 1921 இல் நியூ யோர்க் பொது நூலகத்திற் பணியேற்றார். தம் நாட்டுக் கதைகள் நூலகத் தட்டுகளில் இல்லாமை கண்டு, இரு மொழிகளிலும் சிறுவர்க்குக் கதை கூறலானார். கரப்பான் பூச்சியும் எலியும் பாத்திரங்களாய் அமைந்த அவரது கதையொன்று 1932 இல் நூலுருப் பெற்றது. மொழிப்பயிற்சிக்கு முன்னர் பிள்ளையின் தன்மதிப்பை நிலைநாட்டல் வேண்டும் என்பதே அவர்தம் பணி உணர்த்தும் உண்மை எனலாம்.

இன்று காணப்படும் நூல்களை இரு வகைப்படுத்தலாம். ஒரு பொருளின் படமும் அதன் இரு பெயர்களும் கொண்டவை முதல் வகையின. இவை பயனுடையவையே, எனினும் பெயர்ச்சொற்களோடு நின்றுவிடுகின்றன. முழுக்கதையையும் இரு மொழிகளிலும் தருபவை இரண்டாம் வகையின. 1975 இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய சில்ட்ரன்ஸ் புக் பிரஸ் இவ்வகையில் முன்னோடியாகும். அப்பதிப்பகம் 1990 இல் வெளியிட்ட கார்மென் லோமாஸ் கார்சாவின் ‘குடும்பப் படங்கள்’ என்னும் நூலில், தென் டெக்சாஸ் வீடொன்றின் சமையலறையிலே குடும்பத்தினர் அனைவரும் கூடித் தமாலே செய்யும் ஓவியம் ஒன்றுண்டு. எழுத்தறியாத பிள்ளையும் அதில் யார் என்ன செய்கின்றார் எனச் சொல்லும். அச்செயல்களுக்குரிய சொற்களைத் தாய் ஸ்பானிய மொழியிலும் ஆசிரியர் ஆங்கிலத்திலும் வழங்கலாம். ஓவியம் இரு மொழிக்கும் பொதுவாகின்றது.

ஆயினும் இவ்வமைப்பிற் குறையுமுண்டு. முழு மொழிபெயர்ப்பு அருகிலிருக்கையில், பிள்ளையின் கண் தானறிந்த மொழியையே நாடும். மற்றது வெறும் அணியாகிவிடும். ஆங்கிலம் மேலேயும் ஸ்பானியம் கீழே சாய்வெழுத்திலுமாக அச்சிடப்படும்போது, மொழிகளின் ஏற்றத்தாழ்வும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. இது மனங்கொள்ளத்தக்கது.

ஹுவான் பெலிப்பே எரேரா 2000 இல் எழுதிய நூல், ஆங்கிலம் அறியாது பள்ளி புகும் சிறுவனைக் காட்டுகின்றது. விளையாடும் வேளையில் அவன் உண்கின்றான். உண்ணும் வேளையில் விளையாடுகின்றான். தான் தலைகீழாய் நிற்பதாகவே உணர்கின்றான். ஆசிரியை அவனைப் பாடச் செய்தபோதே அந்நிலை மாறத் தொடங்குகின்றது. தன் குரலுக்குச் செவிசாய்ப்பார் உளர் என்ற நம்பிக்கையிலேயே மொழி வேரூன்றுகின்றது. அதனை எழுதிய எரேரா 2015 இல் ஐக்கிய அமெரிக்காவின் அரசவைக் கவிஞரானார்.

கலிபோர்ணியாவில் 1998 இல் நிறைவேறிய 227 ஆம் பிரேரணை பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. 2016 இல் மக்கள் வாக்கினாலேயே அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வகுப்பறையின் மொழியைச் சட்டம் வரையறுக்கலாம். உறங்கப்போகும் பிள்ளைக்குத் தாய் கதை வாசிக்கும் மொழியை அது வரையறுக்க இயலாது. ஆதலின், எத்தனை ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தது என்பதைக் கொண்டு மட்டும் இந்நூல்களை மதிப்பிடுதல் பொருந்தாது. ஆங்கிலம் கற்ற பிள்ளை அதே நூலைத் தன் பாட்டிக்கு ஸ்பானிய மொழியில் வாசித்துக்காட்ட முடிகின்றதா என்பதே அவற்றுக்குரிய உரைகல்லாகும்.