கள்ளியங்காட்டில் பூ இல்லை
தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மஞ்சளாகப் பூத்திருந்த சப்பாத்திக்கள்ளியைப் படமெடுத்தேன். குறுந்தொகை 16ஆம் பாட்டின் கள்ளியங்காடு இதுதான் என்று நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லோரும் ரசித்தார்கள். ஆனா அது தப்பு.

சப்பாத்திக்கள்ளி அமெரிக்கச் செடி. கொலம்பசுக்குப் பிறகே இங்கே வந்தது. சங்கக் கவிஞர் அறிந்த கள்ளி, சதுரக்கள்ளி மாதிரி, ஒடித்தால் பால் வடிகிற வகை. அதன் பூ ரொம்பப் பொடிசு, கேமராவுக்கு எடுபடாது.

பெயர் மாறினால் என்ன போச்சு என்று கேட்கலாம். அந்தப் பாட்டில் பூவே கிடையாது. பல்லி துணையை அழைப்பது, கள்வர்கள் அம்பு முனையை நகத்தில் புரட்டிப் பார்க்கும் ஓசையாகக் கேட்கிறது. அவன் அந்த வழியில் போயிருக்கிறான் என்கிற அவளுடைய பயத்தைத்தான் என் அழகான படம் மறைத்துவிட்டது.