பெர்மிட் யாருக்குத் தளர்ந்தது?

ராஜாஜி 1959இல் சென்னையில் தொடங்கிய சுதந்திராக் கட்சியைச் செல்வந்தர் கட்சி என்று ஒதுக்கிவிடுவது எளிது. குருமட நாள்களில் நானும் அப்படித்தான் ஒதுக்கினேன். 1967இல் மக்களவையில் 44 இடங்களை வென்று, 1974இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்துபோன அக்கட்சியின் கொள்கைகளை இன்று மீண்டும் படிக்கையில், 'பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம்' என்று அவர் சாடியதன் நியாயம் விளங்குகிறது. சிறு அமைப்புகள் செய்யவல்லதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என 1931இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் எழுதியதும் இதற்கு அண்மையதே.

குறை வேறிடத்தில் உள்ளது. செல்வர் தம் செல்வத்துக்கு அறங்காவலரே என்னும் காந்தியடிகளின் கருத்தை அக்கட்சி ஏற்றுக்கொண்டது. அந்த அறங்காவலர் தவறினால் தொழிலாளி என் செய்வான்? கட்சி சாய்ந்து நின்ற அக்கருத்தில் இதற்கு விடையில்லை. சங்கம் சேர்வது இயற்கை உரிமை என்று 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே 13ஆம் சிங்கராயர் விடை தந்திருந்தார்.

1991இல் தொழில் உரிமக் கட்டு தளர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வயல்வெளிகளில் பின்னர் ஆலைகள் எழுந்தன. பிழைப்பும் வந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2024இல் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர், தம் சங்கத்தை ஏற்கக் கோரி 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. முதலீட்டுக்குத் தளர்ந்த பெர்மிட் இவர்களுக்குத் தளரவில்லை. சங்கத்துக்கு அரசுப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது.