மீட்பும் கடனும்: கண்டிப் பகுதிக் கிறிஸ்தவ பக்தியிற் சிலுவைப் பலி

கிறிஸ்துவின் சிலுவைப் பலியை விளக்குவதற்குத் தமிழ்க் கிறிஸ்தவம் கையாளும் தலையாய சொற்களுள் 'மீட்பு' ஒன்றாகும். அடகு வைத்த நகையையும் ஈடு வைத்த காணியையும் மீட்பது எம்மவரின் அன்றாட வழக்கு. அடிமையை விலைகொடுத்து விடுவித்த பண்டைச் சமுதாயங்களின் நடைமுறையே இவ்வுருவகத்திற்கு அடிப்படையாதலின், பக்திச் சொல்லுக்கும் வட்டிக்கடைச் சொல்லுக்கும் உள்ள உறவைத் தற்செயலென நாம் ஒதுக்கிவிட முடியாது.

1854 இல் கண்டிப் பகுதியில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது அதற்குப் பொருளுதவி நல்கியோருள் கோப்பித் தோட்டத் துரைமாரும் இருந்தனர். போதனையைச் செவிமடுத்தோரோ, வழிச்செலவுக்குப் பெற்ற முன்பணம் கங்காணியின் கணக்கில் ஏறிய நாள்தொட்டுக் கடனாளிகளாய் வாழ்ந்தோர். பின்னர் நிலைபெற்ற 'துண்டு' முறையின்படி, தொழிலாளியின் கடன்தொகை குறித்த சீட்டை ஒரு தோட்டம் வழங்கும்; அத்தொகையைச் செலுத்தும் மற்றொரு தோட்டம் அவனைப் பெற்றுக்கொள்ளும். கடன் வேறொருவரால் அடைக்கப்பட்டது. ஆயினும் தொழிலாளி விடுதலை பெறவில்லை, துரையே மாறினார். 1921 இலேதான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கிறிஸ்து தம் இரத்தத்தாற் கடனடைத்து மாந்தரைத் தமக்குரியோராக்கினார் என்ற போதனை இம்மக்களின் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்? கடன் என்பது பாவமே என்று விளக்கமளித்தவர்கள் கங்காணியின் கணக்கேட்டைத் திறந்து பார்க்கவில்லை.

ஆனால், இத்துடன் நின்றுவிடுவது வரட்டுவாதமாகும். சமயத் துயரம் மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான முறையீடாகவும் ஒருங்கே அமைகின்றதென்பது மார்க்ஸின் கருத்து. (இதன் முற்பாதியை மட்டும் மனனஞ் செய்த விமர்சகர் நம்மிடையே பலர்.) கோவாவிற் பிறந்து 1705 இல் இலங்கை வந்து, கண்டி மன்னன் நரேந்திரசிங்கனின் ஆதரவையும் பெற்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் 'வியாகுலப் பிரசங்கம்' இங்கு நோக்கற்பாலது. ஒல்லாந்தர் கரையோரத்திற் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தவர் அவர். தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பெற்று வந்த அந்நூலில் மீட்புக் கோட்பாடு இல்லாமலில்லை; எனினும் கேட்போரை உருக்குவது கணக்குத் தீர்ந்த நிம்மதியன்று, கொலையுண்ட மகனுக்காகத் தாய் கொள்ளும் துயரம். ஒப்பாரி மரபில் தோய்ந்த மக்கள் அதனைத் தம்முடையதாக்கிக்கொண்டதில் வியப்பில்லை. கடனாளி நன்றியுடன் தலைகுனிகின்றான். இழவு கொண்டாடுபவளோ கொன்றவன் யாரென்று கேட்கின்றாள்.

பலிக்கு மூன்றாவது பொருளொன்றும் கண்டியில் உண்டு. 1692 இல் அந்நகருக்கு வந்து, ஒற்றனென ஐயுறப்பட்டுச் சிறையிருந்த யோசேவ் வாஸ் அடிகள், 1697 இல் அம்மைநோய் பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைச் சமயபேதமின்றிப் பேணினார். அங்கே பலி கோட்பாடாகவன்றி நடத்தையாக நிற்கின்றது. அதனை மறுக்க நம்மிடம் வாதமில்லை.

கங்காணியையும் கடனையும் பாடிய மலையக நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்தளித்தனர். அதே லயன்களில் ஒலித்த சிலுவைப்பாதைப் பாடல்களையும் புலம்பல்களையும் 'சமயம்' என்று ஒதுக்கிவிட்டு மலையகத்தின் இலக்கிய வரலாற்றை எழுத முற்படுவோர், அம்மக்கள் எதற்காக அழுதனர் என்பதிற் பாதியையே எழுதுவர்.