பிடிக்கிற இடம்

ஒருவர் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் கோடு போடுவதைப் பார்த்து அவருடைய கைத்தேர்ச்சியைச் சொல்ல முடியாது. ஒரு கதவை நகர்த்தச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

மூவ் கமாண்டில் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. எம் தட்டி எண்டர், பொருளைத் தேர்ந்தெடுத்து மறுபடி எண்டர், பேஸ் பாயிண்ட், பிறகு போய்ச் சேர வேண்டிய புள்ளி. கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் கண் அந்தக் கடைசிப் புள்ளியில்தான் இருக்கும். நான் ரசிப்பது அதற்கு முந்தைய நொடியை. பீரோ தூக்க வருகிறவர்கள் எங்கே கை கொடுப்பது என்று அதை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்களே, அந்த நொடி அது.

230 மில்லிமீட்டர் சுவர், 900 அகலக் கதவு. அறையின் உள்மூலையிலிருந்து 115 தள்ளி நிலை வர வேண்டும். கை பழகாதவர் கதவின் நடுவில் எங்கோ தொட்டு, கண்ணளவில் இழுத்து வைப்பார். திரையில் பொருந்தித்தான் இருக்கும். மவுஸ் சக்கரத்தை உருட்டி உள்ளே போய்க்கொண்டே இருங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவே கீற்றாக ஓர் இடைவெளி திறக்கும். டைமென்ஷன் அதைக் காட்டிக்கொடுக்காது, 114.7-ஐ முழு எண்ணாக்கி 115 என்றே எழுதும். சுவரை நிரப்ப ஹேட்ச் போடும்போதுதான் எல்லை மூடவில்லை என்று ஆட்டோகேட் அடம்பிடிக்கும்.

தேர்ந்தவர் நிலையின் விளிம்பு மூலைக்குக் கர்சரைக் கொண்டுபோவார். எண்ட் பாயிண்டுக்கான சின்னச் சதுரம் தெரிந்ததும் ஒரு கிளிக். அடுத்து ஃப்ரம் என்று அடித்து, சுவரின் உள்மூலையைத் தொட்டு, @115,0. நிலை அங்கே போய் உட்கார்ந்துவிடும். துணைக்கோடு போடவில்லை, அழிக்கவும் ஒன்றும் இல்லை.

கர்சரை இப்படி இழுத்துப் பிடிக்கும் ஆஸ்நாப், 1982-இல் வந்த ஆட்டோகேடைவிட மூத்த யோசனை. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் தம் ஆய்வுக்காகச் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே அது இருந்தது. டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவைக் கோட்டின் அருகே கொண்டுபோனால் போதும், கோட்டின் மேலேயே வைத்ததாக அது எடுத்துக்கொள்ளும். மனிதக் கை துல்லியமாக இராது என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டு கட்டிய கருவி. அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எண்டரைத் தட்டுவதிலும் நிதானம் வேண்டும். பேஸ் பாயிண்ட் கேட்கும்போதே 0,600 என்று அடித்து இரண்டு முறை எண்டர் தட்டினால், பொருள் நேர் மேலே 600 நகரும். எந்தப் புள்ளியையும் தொட வேண்டியதில்லை. ஆனால் பேஸ் பாயிண்டைத் தொட்டுவிட்டுக் கை தவறி எண்டர் தட்டினால், அந்தப் புள்ளியின் ஆயத்தொலைவையே நகர வேண்டிய தூரமாக எடுத்துக்கொள்ளும். ஒருமுறை என் மாடிப்படி முழுவதும் இப்படிக் காணாமல் போனது. ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால் வீடு ஒரு மூலையில் புள்ளியாக, படிக்கட்டு எதிர் மூலையில் இன்னொரு புள்ளியாக.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது எம்2பி. முன்பெல்லாம் அறையின் நடுவில் மேசை போட, அறைக்கு ஒரு மூலைவிட்டம், மேசைக்கு ஒரு மூலைவிட்டம் வரைந்து, மிட் பாயிண்டோடு மிட் பாயிண்டைச் சேர்த்து, பிறகு இரண்டையும் அழிப்போம். இப்போது பேஸ் பாயிண்ட் கேட்கும்போது எம்2பி அடித்து மேசையின் எதிரெதிர் மூலைகளைத் தொட்டால் போதும். கோடே இல்லாத வெற்றிடத்தில், மேசையின் நட்டநடுவில் பிடி கிடைத்துவிடும். மறுபடி எம்2பி, அறையின் எதிரெதிர் மூலைகள். நேற்று 3000க்கு 3600 அறையில் 900க்கு 1500 மேசையை அப்படித்தான் வைத்தேன். டிஸ்ட் போட்டு நான்கு பக்கமும் அளந்தேன்: 1050, 1050, 1050, 1050.