தேன் நிறக் கண்ணாடி

கையில் எடுத்ததும் முதலில் உணர்வது அதன் கனத்தை. சுமார் 230 கிராம். உருண்டு திரண்ட ஒரு மாம்பழத்தின் எடை. கறுப்பு மெருகேறிய உலோக உடம்பு. முகப்பு வளையத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை எழுத்தில் அதன் பெயரும் ஊரும்: சூப்பர்-டாக்குமார், 1:1.4/50, ஆசாகி ஆப்டிகல், ஜப்பான். 1960-களின் பிற்பாதியில் டோக்கியோ நிறுவனம் ஒன்று பென்டாக்ஸ் கேமராக்களுக்காகச் செய்த லென்ஸ். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கஜிவாராவின் சகோதரர் டாக்குமா அமெரிக்காவுக்குப் போய் உருவப்படங்கள் எடுத்தவர், பிறகு தூரிகை பிடித்து ஓவியரானவர். லென்ஸுக்கு வைத்த பெயர் அவருடையது. கண்ணாடி உருக்கிச் செய்த கருவிக்கு ஓவியரின் பெயர். பிறந்தபோதே அதன் குணத்தைக் கணித்து வைத்த ஜாதகம்போல இருக்கிறது.

இதை எனக்கு விற்றவர், விற்பதற்குமுன் பத்து நிமிடம் பார்க்க வைத்தார். "தம்பி, டார்ச்ச பின்னாலேர்ந்து அடிங்க. உள்ளே நூலு நூலா ஏதாச்சும் தெரியுதா? தெரிஞ்சா பங்கஸ், வாங்காதீங்க." வாயால் லேசாக ஊதச் சொன்னார். ஆவி படர்ந்து விலகும்போது, துடைத்துத் துடைத்து விழுந்த கீறல்கள் இருந்தால் ஒரு கணம் எழுந்து காட்டிக்கொடுக்கும். நூலும் இல்லை, கீறலும் இல்லை. ஆனால் டார்ச்சின் வெள்ளை ஒளி கண்ணாடிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தபோது தேநீரின் நிறத்தில் இருந்தது. "அது வியாதி இல்ல, வயசு" என்றார். அந்த மஞ்சளுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குமுன் இந்தச் சிறு உருளையை என்னோடு சேர்ந்து ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் ஃபோக்கஸ் வளையம். விரல் நழுவாமல் இருக்க உலோகத்திலேயே வரிவரியாக வரப்புகள் வெட்டியிருக்கிறார்கள். திருப்பினால் சுற்றுகிறது என்று சொல்வது போதாது, வழிகிறது. உள்ளே ஒன்றுக்குள் ஒன்று சுழலும் மறைகள்; நடுவே மெல்லிய மசகுப் பூச்சு. தடையும் உண்டு, இணக்கமும் உண்டு. தேர்ந்த கை வீணையின் பிரடையை முறுக்கிச் சுருதி சேர்க்கும்போது ஒரு மயிரிழை முன்னே, அரை மயிரிழை பின்னே என்று தேடுமே, அந்தத் தேடலுக்கு இந்த வளையம் இடம் தருகிறது. எதிரே இருப்பவரின் இமையில் தெளிவை நிறுத்தலாம்; கொஞ்சம் நகர்த்தி மூக்குத்தியின் கல்லில் நிறுத்தலாம். இரண்டுக்கும் நடுவே விரல் கடக்கும் தூரம் மிகச் சிறியது. அதற்குள் படத்தின் பொருளே மாறிவிடுகிறது. இன்றைய லென்ஸில் மோட்டார் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். முடித்துவிடுவதால்தான் அந்த இடைவழியில் இருக்கும் அழகு நமக்குத் தெரியாமல் போகிறது.

வளையத்துக்குக் கீழே எழுத்துகள். மீட்டர் ஒரு வரியில், அடி இன்னொரு வரியில். 0.45 மீட்டரில் தொடங்கும் எண்கள் முதலில் நெருக்கியடித்துக்கொள்ளாமல் விலகி விலகி நிற்கின்றன. தூரம் கூடக் கூட ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் முடிவிலியின் எட்டைப் படுக்கவைத்த குறியில் போய் அமர்கின்றன. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கூடுதல் கவனம் வேண்டும், தொலைவில் இருப்பதற்குக் கொஞ்சம் போதும் என்பதை வார்த்தை இல்லாமல் சொல்லும் வரிசை. அதன் கீழே, நடுக்குறியின் இருபுறமும் ஒரே எண்கள் ஜோடி ஜோடியாக, இரு கை விரித்ததுபோல. ஒளி புகும் துளையான அப்பர்ச்சரை 8-ல் வைத்தால், இடது 8-க்கும் வலது 8-க்கும் இடையில் அகப்படும் தூரமெல்லாம் படத்தில் தெளிவாக விழும். பேட்டரி வேண்டாம், திரை வேண்டாம். கணக்கைச் செய்து முடித்து உலோகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த எண்களுக்கு இடையே, அவசரப்படுகிறவர் கண்ணில் படாத ஒரு சிறு சிவப்புக் கோடு. அகச்சிவப்பு ஒளி, கண் காணும் ஒளி குவியும் இடத்தில் குவிவதில்லை. கொஞ்சம் தள்ளிக் குவியும். அகச்சிவப்பு பிலிமில் படம் எடுப்பவர் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. ஆயிரம் பேர் வாங்கினால் ஒருவருக்குத்தான் தேவைப்பட்டிருக்கும்; அந்த ஒருவருக்காக ஆயிரம் லென்ஸிலும் போட்டிருக்கிறார்கள். 1964-ல் வந்த முதல் வடிவத்தில் 8 கண்ணாடிகள், அதில் மூன்றை ஒன்றாக ஒட்டிய ஒரு கட்டு. பின்னால் வந்த வடிவத்தில் 7. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். சேகரிப்பவர்கள் இந்தச் சிவப்புக் கோடு 4 என்ற எண்ணுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். கன்னத்து மச்சத்தை வைத்து மூத்தவளா இளையவளா என்று அடையாளம் காணும் பாட்டிகளைப்போல.

அடுத்து அப்பர்ச்சர் வளையம். ஃபோக்கஸ் வளையம் வழிந்தால், இது பேசுகிறது. ஒவ்வோர் எண்ணிலும் ஒரு மெல்லிய 'டிக்'. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. முதல்முறை பார்ப்பவருக்கு ஒழுங்கற்றதுபோலத் தோன்றும் இந்த வரிசையை ஒன்றுவிட்டு ஒன்றாகப் படித்துப் பாருங்கள்: 2, 4, 8, 16. விட்டதைப் படியுங்கள்: 1.4, 2.8, 5.6, 11. இரண்டு இரட்டிப்புகள், பின்னலின் இரு கால்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. உள்ளே ஆறு கரிய இதழ்கள் சேர்ந்து குவிந்து துளையைச் சுருக்குவதை எதிரிலிருந்து பார்க்கையில் அந்தியில் மூடிக்கொள்ளும் பூ நினைவுக்கு வரும்.

ஆறு இதழ்கள் என்பதால் ஒரு கைவரிசையும் உண்டு. கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் வரிசையாக அகல் வைத்திருக்கும்போது, அருகில் நிற்கும் குழந்தையின் முகத்தில் ஃபோக்கஸை நிறுத்திப் படமெடுங்கள். துளையை முழுதும் திறந்து வைத்தால், பின்னால் இருக்கும் சுடர்கள் நடுவில் வட்டக் காசுகளாகவும், ஓரத்துக்குப் போகப் போக இரு முனை கூர்ந்த கயல் வடிவிலும் மிதக்கும். ஒரு படி இரண்டு படி மூடினால் அதே சுடர்கள் அறுகோணமாகி, தேனடையின் அறைகள்போல அடுக்கிக்கொள்ளும். இந்த மங்கலுக்கு ஜப்பானியர் 'பொக்கே' என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகமே அந்தச் சொல்லைத்தான் சொல்கிறது. தெளிவுக்குப் பெயர் வைப்பது எளிது. மங்கலுக்கும் ஒரு பெயர் வைத்து அதில் நல்லது கெட்டது பார்த்த கண்களை வணங்கத்தான் வேண்டும்.

இனி கண்ணாடி. இதன் பூர்வீகம் வானத்தில் இருக்கிறது. 1817-ல் கணித மேதை காஸ், தொலைநோக்கிக்காகப் பிறைபோல் வளைந்த இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்தார். 1888-ல் அமெரிக்காவின் ஆல்வன் கிளார்க் அப்படிப்பட்ட இரண்டு ஜோடிகளை முதுகோடு முதுகு வைத்தார். 1896-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் அதை மெருகேற்றி 'பிளானர்' என்ற லென்ஸைக் கொடுத்தார். நடுவில் துளை, முன்னும் பின்னும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வதுபோன்ற அமைப்பு. ஒரு பக்கம் செய்யும் பிழையை மறுபக்கம் சரிக்கட்டும். நல்ல தம்பதியின் குடித்தனம்.

ஆனால் அந்த அழகு நாற்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒளி நூற்றில் நான்கு பங்கைத் தொலைக்கிறது. என் டாக்குமாருக்குள் அப்படிப் பன்னிரண்டு வாசல்கள். வாசலுக்கு நான்கு என்று சுங்கம் கட்டினால், மறுபக்கம் வந்து சேர்வது அறுபது சொச்சம்தான். தொலைந்ததில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935-ல் சைஸில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடியின்மேல் ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லிய படலம் பூசி அந்தச் சுங்கத்தைக் குறைத்தார். பழைய வடிவமைப்பு அதன்பிறகுதான் முழுதாக மலர்ந்தது. லென்ஸை ஜன்னலுக்கு எதிரே சாய்த்தால் அந்தப் படலம் கண் சிமிட்டுகிறது. ஒரு கோணத்தில் ஊதா, கொஞ்சம் திருப்பினால் பொன், நடுவே சொல்லிவிட முடியாத ஒரு நீலம். மயில்கழுத்துப் பட்டில் ஊடும் பாவும் வேறு வேறு நிறமாகி மின்னுமே, அந்த மின்னல்.

இத்தனை நயமும் மேஜை இழுப்பறைகளில் தூங்கிக்கிடந்த காலம் உண்டு. இதன் பின்புறம் 42 மில்லிமீட்டர் திருகு. அதைத் திருகிப் பொருத்தும் கேமராக்கள் வழக்கொழிந்து போயின. அதை எழுப்பியது, அழிக்கும் என்று எல்லோரும் நினைத்த டிஜிட்டல் மாற்றம்தான். பழைய கேமராவுக்குள் மேலும் கீழும் எழும் ஓர் ஆடி உண்டு. அது எழ இடம் வேண்டும் என்பதால் இந்த லென்ஸ் பிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளியே உட்காரும். நிக்கானின் பழைய மவுன்ட்டுக்கு, அதாவது லென்ஸ் பொருந்தும் வாய்க்கு, 46.5. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஆனால் டாக்குமாரை நிக்கானில் பொருத்தினால் தொலைவானம் தெளியாது. ஒரு மில்லிமீட்டர் இரண்டு குடும்பங்களை அரை நூற்றாண்டு சம்பந்தம் பேசவிடாமல் வைத்திருந்தது.

பிறகு ஆடியே வேண்டாம் என்று மிரர்லெஸ் கேமராக்கள் வந்தன. சோனியின் மவுன்ட்டில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர், 2018-ல் வந்த நிக்கான் இசட்டில் 16, அதே ஆண்டு கேனான் ஆர்எஃப்பில் 20. மிச்சமான இடத்தில் என்ன வைப்பது? ஒன்றும் வேண்டாம், காற்று போதும். சோனிக்கு 27 மில்லிமீட்டரும் கொஞ்சமும் நீளமுள்ள ஒரு வெற்றுக் குழாய். ஒரு முனையில் பழைய திருகு, மறுமுனையில் புதிய மவுன்ட். நடுவில் கண்ணாடி ஏதும் இல்லை. அவ்வளவுதான் அடாப்டர். இதைவிட அழகாக, இடம்விட்டு ஒதுங்கி நின்று இரண்டு தலைமுறைகளைச் சேர்த்துவைத்த பொருள் எதையும் நான் பார்த்ததில்லை. 2010-ல் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கும் மேல் போன டிஜிட்டல் கேமராக்கள், 2020-ல் 90 லட்சத்துக்கும் கீழே இறங்கின. மிச்சத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது. அந்த இறங்குமுகத்தில்தான் பழைய லென்ஸின் மதிப்பு ஏறியது. படம் எடுக்க மட்டும் என்றால் கைபேசி போதும் என்றானபிறகு, கேமராவைத் தேடி வருகிறவர் வேறெதையோ தேடி வருகிறார்.

அது என்ன என்று தெரிய, இதைப் புதிய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2014-ல் வந்த சிக்மா ஆர்ட் 50 எஃப்/1.4: 13 கண்ணாடிகள், 815 கிராம். முழுதும் திறந்த நிலையிலேயே மூலைவரை கூர்மை. போற்ற வேண்டிய கைத்திறன். என் டாக்குமார் அப்படித் திறந்தால் வெளிச்சத்தின் விளிம்புகள் லேசாகக் கசியும். விளக்கு வைக்கும் நேரத்தில் அடுக்களையில் எடுத்த படத்தில் இட்லிக் கொப்பரையின் ஆவிக்கும் பெரியம்மாவின் நரைத்த முடிக்கும் எல்லை எதுவென்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே மெல்லொளியாகிவிட்டன. 5.6-க்கு மூடினால் அதே லென்ஸ் சேலையின் இழையை எண்ணிக் காட்டுகிறது. லென்ஸைத் தேர்வது என்றால் குறையில்லாததைத் தேடுவது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். எந்தக் குறையோடு குடித்தனம் நடத்தப் பிரியப்படுகிறோம் என்பதைக் கண்டுகொள்வதுதான் அது என்று இப்போது தோன்றுகிறது.

இனி அந்த மஞ்சள். ஒளியை நன்றாக வளைக்க வேண்டும், ஆனால் நிறங்களைச் சிதறவிடக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துத் தரும் கண்ணாடிக்காக அன்று அதில் தோரியம் கலந்தார்கள். தோரியம் மெல்ல மெல்லச் சிதையும் தனிமம். அதில் பாதி சிதைய 1,400 கோடி ஆண்டு ஆகும். அந்த மெல்லிய கதிர்வீச்சு, பத்தாண்டுக் கணக்கில் தன்னைச் சுமக்கும் கண்ணாடியையே பழுப்பாக்கிவிடுகிறது. மருந்து எளிது: வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் தெளியும்.

மொட்டைமாடியில் அலுமினியத் தாளை விரித்து, வெயில் ஓரிடத்தில் குவிந்து எதையும் எரித்துவிடாதபடி பின்மூடியைப் போட்டு, தாளின்மேல் லென்ஸை நிறுத்தினேன். பக்கத்தில் பெரியம்மாவின் கூழ்வடகம் காய்ந்துகொண்டிருந்தது. "இது என்னடா, வடகத்துக்கு நடுவுல?" என்றாள். "இதுவும் காயணும் பெரியம்மா." அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். "தேனாட்டம் இருக்கு. காக்கா கொத்திடப் போகுது, நான் பாத்துக்கறேன் போ." மூன்று வாரம் வடகத்துக்கும் டாக்குமாருக்கும் சேர்த்தே காவல் இருந்தாள்.

நாளுக்கு நாள் பழுப்பு தேனாயிற்று, தேன் இளந்தேனாயிற்று. வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால் சாமந்தி இதழின் அடிப்பக்கம்போல ஒரு சாயல் மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னும் ஒரு வாரம் வைத்தால் அதுவும் போய்விடும். அன்று மாலை வடகத்தை அள்ளி டப்பாவில் போட்டாள் பெரியம்மா. நானும் லென்ஸை எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய இன்னொரு டப்பாவில் வைத்தேன். அந்த ஒரு வாரத்தை நான் கொடுக்கவில்லை.